வளர்த்த மானும் வேட்டை அறமும்

வேட்டையைப் பழந்தமிழர் வேட்டம் என்றும் வழங்கினர். காட்டில் மானைத் தேடிச் செல்வதும் வேட்டம். கடலில் மீனுக்கு வலை வீசுவதும் வேட்டம். இரண்டிடத்தும் தேடுபவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு அகப்படாமல் தப்பக்கூடிய உயிர் ஒன்றும் இருக்கிறது. தேடியது கிடைக்கலாம், வெறுங்கையோடு திரும்பவும் நேரலாம். இவ்விரண்டும் உள்ளவரைதான் அத்தொழிலுக்கு வேட்டம் என்னும் பெயர் பொருந்தும். ஆட்டுப்பட்டிக்குள் கத்தியோடு நுழைபவனை வேட்டுவன் என்று எவரும் அழைத்ததில்லை.

ஆயினும் இன்று சில நாடுகளில், பட்டிக்குள் நிகழும் கொலைக்கு வேட்டை என்னும் பெயர் சூட்டி, அதனைப் பெரியதொரு வாணிகமாக நடத்தி வருகின்றனர். பண்ணையில் பிறந்து, மனிதர் இட்ட தீனியைத் தின்று வளர்ந்த மான், உயர்ந்த வேலியிட்ட நிலத்துள் விடப்படுகிறது. பணம் செலுத்தியவர் துப்பாக்கியோடு வருகிறார்; சுடுகிறார்; கொம்போடு கூடிய தலையைப் பாடம் செய்து வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறார். இது தக்கதா என்னும் வினா அந்நாடுகளின் சட்டமன்றங்களிலும், வேட்டைக்காரர் சங்கங்களிலுமே எழுந்துள்ளது. அதற்கு விடை காணத் தமிழ் நூல்களும் துணை செய்கின்றன. மலேசிய வரலாறும் துணை செய்கிறது.

கொம்பின் விலை

மாட்டின் கொம்பும் மானின் கொம்பும் ஒரே தன்மையன அல்ல. மாட்டுக் கொம்பு வாழ்நாள் முழுவதும் தலையில் நிலைத்து நிற்பது. புள்ளிமான், சம்பார் மான் முதலியவற்றின் கொம்போ ஆணுக்கு மட்டுமே முளைப்பது. முழுதும் எலும்பால் ஆனது. காலத்தில் உதிர்ந்து, மென்மயிர்த் தோல் போர்த்து மீண்டும் வளர்வது. விலங்கின் வயது, அது தின்னும் தீனி, அது பிறந்த குலவழி ஆகிய மூன்றும் அக்கொம்பின் பருமனையும் கிளைகளையும் முடிவு செய்கின்றன. இம்மூன்றையும் மனிதன் தன் கைக்குள் கொண்டு வந்ததே இவ்வாணிகத்தின் அடிப்படையாகும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வெள்ளைவால் மானை இவ்வாறு வளர்க்கும் பண்ணைகள் மிகுதி. பெருங்கொம்புடைய ஆண்மானைத் தேர்ந்து, செயற்கைக் கருவூட்டல் வழியாக அதன் குலத்தைப் பெருக்குகின்றனர். புரதம் மிகுந்த தீனி கொடுக்கின்றனர். சில ஆண்டுகளில், காட்டில் அரிதாகவே காணக்கூடிய பெருங்கொம்பு இம்மான்களின் தலையில் வளர்ந்துவிடுகிறது. பின்னர் ஏறத்தாழ எட்டடி உயரக் கம்பிவேலி சூழ்ந்த நிலத்தில் அவை விடப்படுகின்றன. கொம்பினை அங்குலக் கணக்கில் அளந்து விலை குறிப்பதும் உண்டு. கொம்பு பெரிதானால் விலை பல்லாயிரம் டாலர் ஆகும். வந்தவர் சுடாமல் திரும்ப நேராது என்று முன்கூட்டியே உறுதி கூறும் இடங்களும் உள. இவ்வுறுதிமொழியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம். இவ்வாணிகத்தின் இயல்பு முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது.

அரசன் அடைத்த சோலை

வேலிக்குள் மானை அடைத்துச் சுடுவது இக்காலத்தார் கண்டுபிடித்த புதுமையன்று. புத்தசாதகக் கதைகளுள் ஆலமர மானின் கதை என ஒன்றுண்டு. காசியை ஆண்ட பிரமதத்தன் நாள்தோறும் மானிறைச்சி விரும்பியவன். அவனுடைய வேட்டைக்கு ஆள்சேர்த்துக் குடிகளை அடிக்கடி அழைத்ததால் அவர்களின் உழவும் தொழிலும் கெட்டன. அதற்கு மாற்றாகக் குடிகளே அரசனின் சோலையில் புல்லிட்டு, நீர் வைத்து, காட்டு மான்களை அதனுள் ஓட்டிக் கதவை அடைத்தனர். அரசன் வேண்டியபோது வந்து எய்தான். அம்பு பட்டும் அஞ்சி ஓடியும் பல மான்கள் வீணே நைந்தன. ஆதலின், நாளுக்கு ஒன்றாக முறைவைத்துத் தாமே கொலைக்களம் செல்வதென்று மான்கள் முடிவு செய்தன. ஒரு நாள் அம்முறை, கருவுற்ற பிணை ஒன்றின்மேல் வந்தது. மான்களின் தலைவன் அதற்கு மாறாகத் தன் தலையைக் கொலைக்களத்தில் வைத்தது. அதனைக் கண்ட அரசன் மனம் மாறி, அம்மானுக்கும், பின்னர் மான்கூட்டம் முழுவதற்கும், அதன்பின் எல்லா உயிர்களுக்கும் காப்பளித்தான் என்பது கதை.

1894ஆம் ஆண்டு முதல் பிரிக்பீல்ட்சில் நிலைபெற்றுள்ள பௌத்த மகாவிகாரையை அறிந்தோர்க்கு இக்கதை புதிதாய் இராது. புத்தர் தம் முதல் அறவுரையை நிகழ்த்திய சாரநாத்தும் மான்சோலை எனவே போற்றப்படுகிறது. கதையின் நுட்பம் ஒன்று கருதத்தக்கது. காட்டில் திரிந்தவரை அம்மான்களுக்குப் பிரமதத்தன் எக்கடனும் பட்டவன் அல்லன். கதவு அடைபட்ட நாளில் அவற்றின் புல், நீர், உயிர் மூன்றும் அவன் கையில் வந்துவிட்டன. தப்பும் வழியைப் பறித்தவன் காக்கும் கடமையை ஏற்றவன் ஆகிறான். கதை அரசனைத் திருத்துவது இந்த இடத்திலேதான்.

வரலாற்றிலும் இதற்கு நிகரான நிகழ்ச்சி உண்டு. முகலாய மன்னர் அக்பர், பல்லாயிரம் ஆட்களைக் கொண்டு காட்டு விலங்குகளை வளைத்து, வளையத்தைச் சுருக்கி, அதனுள் நின்று கொல்லும் கமர்கா என்னும் வேட்டையை 1567இல் லாகூர் அருகே பெருமளவில் நிகழ்த்தினார். 1578இல் பேரா என்னும் ஊரருகே அத்தகைய வளையம் சுருங்கி வந்த நேரத்தில், அவர் திடீரெனக் கொலையை நிறுத்தி, அடைபட்ட விலங்குகளையெல்லாம் விடுவிக்கச் செய்தார் என அக்கால வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர்.

வேடர் கொண்ட வரம்பு

அரசர்க்கு மனமாற்றம் வேண்டியிருந்த இடத்தில், வேடர்க்குத் தொழிலே ஒரு வரம்பைக் கற்பித்திருந்தது. பெரியபுராணத்தில் கண்ணப்பர் வரலாற்றைப் பாடும் சேக்கிழார், வேட்டையின் கடுமையை மறைக்காமல் வருணிக்கிறார். அதன் இடையே ஒன்றைச் சொல்கிறார். கொடிய விலங்குகள் எதிர்த்து வந்தால் கொல்லும் அம்மறவர், யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குருளைகளைக் கொல்லவில்லை. கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை அலைக்கவில்லை. கொலையே தொழிலாகக் கொண்ட மக்களிடத்தும், கொல்லத் தகாதவை எவை என்னும் தெளிவு இருந்தது என்பதைச் சைவப் பெரியவராகிய அப்புலவர் மதித்துப் பதிவு செய்துள்ளார்.

அவ்வேட்டையிலும் காட்டைச் சூழ வலை கட்டப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் அவ்வலையை அறுத்துக்கொண்டு ஒரு பன்றி விரைந்தோடியது. அதனைத் தொடர்ந்து சென்றதனாலேயே திண்ணனார் நாணனோடும் காடனோடும் காளத்தி மலைச்சாரலை அடைந்தார். அவர் கண்ணப்பர் ஆனதற்கு வழி திறந்தது வலையை அறுத்த அப்பன்றியே. அறுக்க இயலாத வேலி அன்று அங்கே நின்றிருக்குமாயின் அவ்வேட்டை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

பழக்கிய மானை வேட்டைக்குப் பயன்படுத்தும் வழக்கமும் சங்க காலத்தில் இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைப் பாடும் புலவர், விளாமரத்தில் கட்டிவைத்த பார்வை மானைக் குறிப்பிடுகிறார். பார்வை மான் என்பது பிற மான்களை ஈர்ப்பதற்காகப் பழக்கி வைத்த மான். இது காட்டு மானுக்குச் சூழ்ச்சிதான். ஆயினும் எயினர் எய்தது காட்டு மானை. வீட்டில் கட்டி வளர்த்த மானை அன்று. வளர்த்தது வேறு, வேட்டைப் பொருள் வேறு என்னும் வேறுபாடு அங்கே மாறவில்லை.

வள்ளுவரோ வேட்டையை வீரத்துக்கு அளவுகோலாகக் கொள்கிறார். காட்டு முயல்மேல் தைத்த அம்பைக் காட்டிலும், யானைமேல் எறிந்து குறி தவறிய வேலை ஏந்துதல் இனிது என்பது படைச்செருக்கு அதிகாரத்தில் அவர் தரும் கருத்து. வெற்றி தோல்வியைவிட, எதிர்த்து நின்றது எது என்பதே பெருமைக்கு அளவு என்பது இதன் பொருள். முயலும் காட்டில் ஓடும் உயிரே. அதனை வீழ்த்தவும் குறி வேண்டும். அதற்கே அவ்வளவுதான் மதிப்பென்றால், தீனித் தொட்டியைத் தேடிவரும் மானைச் சுட்டவரின் சுவரில் தொங்கும் தலைக்கு என்ன மதிப்புத் தர இயலும்?

மேனாட்டு வேட்டைக்காரர் வகுத்த விதி

இவ்வரம்பை மேனாட்டு வேட்டைக்காரரும் உணர்ந்திருந்தனர். தியோடர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் 1887இல் தோற்றுவித்த பூன் அண்ட் குரோக்கெட் சங்கம், நேர்மையான வேட்டை என்பதற்கு இலக்கணம் வகுத்தது. விலங்கு கட்டற்றுத் திரிவதாய் இருத்தல் வேண்டும். வேட்டையாடுபவர் அதன்மேல் தகாத மேலாண்மை பெறுதல் கூடாது என்பதே அதன் சாரம். தப்பமுடியாத வேலிக்குள் சுடப்பட்ட விலங்கின் கொம்பை அச்சங்கம் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை.

ரூஸ்வெல்ட் அமெரிக்கத் தலைவராய் இருந்தபோது, 1902 நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்துக்கு வேட்டைக்குச் சென்றார். அவருக்குக் கரடி அகப்படவில்லை. உடன் சென்றவர்கள் ஒரு கரடியைப் பிடித்து, அடித்து, மரத்தில் கட்டிவைத்து அவரை அழைத்தனர். கட்டுண்ட விலங்கைச் சுட அவர் மறுத்துவிட்டார். காயத்தால் துடித்த அக்கரடியின் துன்பத்தை முடித்துவிடும்படி மட்டும் பிறரிடம் கூறினார். குழந்தைகள் கையில் இன்றும் விளையாடும் 'டெடி' கரடிப் பொம்மை இந்நிகழ்ச்சியால் பெயர் பெற்றது. ரூஸ்வெல்ட் உயிர்க்கொலையை வெறுத்தவர் அல்லர். எண்ணற்ற விலங்குகளை வேட்டையாடியவர். அவருக்கே கட்டிய கரடியைச் சுடுதல் நாணத்தைத் தந்தது.

இங்கிலாந்தில் வேறொரு வழக்கம் இருந்தது. பூங்காவில் வளர்த்த மானைக் கூண்டு வண்டியில் ஏற்றிவந்து திறந்துவிடுவர். வேட்டை நாய்கள் துரத்தும். களைத்த மானை மீண்டும் பிடித்து, மற்றொரு நாளைய ஓட்டத்துக்கென்று கொண்டுபோவர். அரச குடும்பத்துக்கே இதற்கெனத் தனி நாய்க்கூட்டம் இருந்தது. 1891இல் மனிதநேயச் சங்கத்தைத் தோற்றுவித்த ஹென்றி சால்ட் இதனைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பு வலுத்து, 1901இல் அந்த அரச நாய்க்கூட்டம் கலைக்கப்பட்டது. இலண்டனில் மாணவராய் இருந்த காந்தியடிகளைத் தம் நூலால் புலால் மறுத்தலில் உறுதிப்படுத்தியவரும் இந்தச் சால்ட் என்பவரே. அயர்லாந்தில் எஞ்சியிருந்த இத்தகைய வேட்டையை 2010ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது.

கோலாலம்பூரில் ஓர் உடன்பிறப்பு

வேட்டைக்காரரே விலங்குகளின் காவலராக மாறிய வரலாறு மலாயாவிலும் உண்டு. பிரிக்பீல்ட்சுக்கு அருகில் நிற்கும் பழைய கோலாலம்பூர் இரயில் நிலையத்தின் வெண்ணிறக் கூம்புமாடங்களை அறியாதவர் இல்லை. 1910இல் திறக்கப்பெற்ற அதனை வரைந்தவர் ஏ. பி. ஹப்பக். அவருடைய தம்பி தியோடர் ஹப்பக். அவர் யானை, செலடாங் என்னும் காட்டெருது ஆகியவற்றை வேட்டையாடுவதில் பெயர் பெற்றவர். அதுபற்றி 1905இல் நூலும் வெளியிட்டவர். தோட்டங்கள் பெருகிக் காடு குறைந்ததையும், விலங்குகள் அருகியதையும் கண்ட அவர், பிற்காலத்தில் அவற்றின் காப்புக்கே உழைத்தார். 1930 முதல் 1932 வரை மலாயாக் காட்டுயிர் ஆணையத்தை நடத்தி, மூன்று தொகுதிகளாக அறிக்கை அளித்தார். 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் ஒதுக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்கு அவ்வுழைப்பே வித்து. இன்று தாமான் நெகாரா என்று அழைக்கப்படுவது அதுவே. விலங்கை அதன் காட்டில் தேடித் திரிந்தவருக்கே அக்காட்டின் அருமையும் தெரிந்தது. வேலிக்குள் அரைநாளில் கொம்பை வாங்கித் திரும்புபவருக்கு அக்கல்வி கிடைப்பதில்லை.

மாற்றார் கூற்றும் மறுமொழியும்

வேலி வேட்டையை ஆதரிப்போர் கூறும் வாதங்கள் சில, எளிதில் தள்ளத்தக்கன அல்ல. அவற்றை முறையே நோக்குதல் வேண்டும்.

முதலாவது, ஆட்டையும் கோழியையும் வளர்த்து அறுத்து உண்பவர், மானை வளர்த்துச் சுடுவதை எவ்வாறு குறை கூறலாம் என்பது. புலால் உண்ணாதவர்க்கு இவ்வாதம் தடையாவதில்லை. உண்பவர்க்கும் விடை உண்டு. வளர்த்த விலங்கை உணவுக்காகக் கொல்லும் சமுதாயங்கள் அக்கொலைக்குக் கட்டுப்பாடு வைத்துள்ளன. விலங்கின் கண்முன் கத்தியைத் தீட்டலாகாது என்பதும், உயிருள்ளதை இலக்காக நிறுத்தி எய்தல் ஆகாது என்பதும் இசுலாமிய நெறி. துன்பம் குறைய விரைந்து கொல்லுதல் அங்கே கடமை. கொலையை ஒரு களியாட்டாக்கி, ஓடவிட்டுச் சுட்டு, குறி தவறினால் காயத்தோடு அலையவிடும் நிலை அறுப்புச் சாலையில் ஏற்கப்படுவதில்லை. மேலும், கசாப்புக்காரர் தம்மை வீரர் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை.

இரண்டாவது, வேலியே பல விலங்கினங்களைக் காத்தது என்பது. இதில் உண்மை உண்டு. சீனத்து மிலு மான் காட்டில் அழிந்து, பீக்கிங் அருகே மதில் சூழ்ந்த அரச வேட்டைச் சோலை ஒன்றிலேயே எஞ்சியிருந்தது. 1865இல் அர்மான் தாவீது என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். 1895இல் வெள்ளம் மதிலை உடைத்தது. 1900இல் எழுந்த கலகத்தில் எஞ்சியவையும் அழிந்தன. ஐரோப்பாவுக்கு முன்பே சென்றிருந்த மான்களுள் 18ஐ இங்கிலாந்தின் பெட்போர்டு கோமகன் தம் பூங்காவில் திரட்டிக் காத்தார். அவற்றின் வழிவந்தவை 1985இல் சீனாவுக்கே திரும்பின. தென்னாப்பிரிக்காவில் பொன்டிபோக் என்னும் மறிமான் இனத்தைக் காக்க 1931இல் தேசியப் பூங்கா அமைத்தபோது அங்கிருந்தவை 17தான். அதற்கு முன் அவ்வினத்தை அழியாமல் வைத்திருந்தவர்கள் நிலத்தை வேலியிட்ட உழவர்களே. எனவே வேலியைப் பகையாகக் கருத வேண்டுவதில்லை. இவ்விடங்களில் வேலி அமைத்தவர் காவலர் கடமையையும் ஏற்றனர். கொம்புப் பண்ணையில் வேலி மட்டும் எஞ்சுகிறது. காவலர் கடமை விற்கப்பட்டுவிடுகிறது.

மூன்றாவது, மானிறைச்சியும் தொழிலும் கிடைக்கின்றன என்பது. இதற்கு மொரீசியசுத் தீவை எடுத்துக்காட்டுவர். தமிழரும் பலராய் வாழும் அத்தீவுக்கு, சாவகத்தின் ருசா மானை ஒல்லாந்தர் 1639இல் கொண்டு சென்றனர். அது அத்தீவின் பூர்வ விலங்கன்று. அதனைக் கொல்லும் புலி முதலிய விலங்குகளும் அங்கில்லை. பெருகினால் காடும் கரும்பும் கெடும். ஆண்டில் குறித்த பருவத்தில் நிலக்கிழார்களின் வேட்டை நிலங்களில் மான்கள் சுடப்பட்டு இறைச்சி ஊருக்குள் விற்கப்படுகிறது. தொகையைக் குறைக்க வேண்டும் என்னும் தேவையும், வீணாகாத உணவும் அங்கே ஓரளவு நியாயம் தருகின்றன. செம்பனைக் கன்றின் வேரைத் தோண்டும் காட்டுப் பன்றியை மலேசியத் தோட்டப்புறத்தார் வேட்டையாடுவதும் இத்தகையதே. அப்பன்றி எவர் வளர்த்ததும் அன்று. இருளில் தப்பி ஓடவும், திரும்பித் தாக்கவும் வல்லது. கொம்புக்கென்றே பிறப்பித்து, கொம்புக்கென்றே கொல்லும் தொழிலுக்கு இந்நியாயங்கள் துணை வாரா.

நான்காவது, வேலிக்குட்பட்ட நிலம் பல்லாயிரம் ஏக்கர் ஆனால் அது காட்டுக்கு நிகரன்றோ என்பது. பரப்பு கூடக்கூடக் குற்றம் குறைகிறது என்பதை மறுக்க வேண்டுவதில்லை. வழக்கைத் தீர்க்க இரு வினாக்கள் போதும். அவ்விலங்கு தன் உணவைத் தானே தேடி, மனிதரைக் கண்டு அஞ்சி ஒதுங்கி வாழ்கிறதா? வந்தவர் வெறுங்கையோடு திரும்பவும் கூடுமா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வருமிடம் வேட்டைக்காடு. சுடாமல் திரும்ப நேராது என்று உறுதி விற்குமிடம், எத்தனை ஏக்கராயினும், பட்டியே.

வேலி தாண்டும் நோய்

இவ்வாணிகத்தின் தீங்கு வேலிக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை. மான்களின் மூளையைத் தாக்கி, உடல் மெலிந்து சாகச் செய்யும் நலிவு நோய் ஒன்றுண்டு. பிரியான் எனப்படும் சிதைந்த புரதத்தால் வருவது அது. மருந்தோ தடுப்பூசியோ இல்லை. முதன்முதல் 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில், ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்களிடம் அது காணப்பட்டது. கனடாவிலிருந்து கொண்டு சென்ற பண்ணை மான்கள் வழியாகத் தென்கொரியாவில் 2001இல் வெளிப்பட்டது. டெக்சாசின் மான் பண்ணை ஒன்றில் 2015இல் கண்டறியப்பட்டது. நெருக்கமாக அடைத்து வைப்பதும், பண்ணைக்குப் பண்ணை உயிருடன் மாற்றி விற்பதும் இந்நோய் பரவ வழி செய்கின்றன. நோய்க்கூறு மண்ணிலும் பல்லாண்டு தங்கும். ஒருவர் சுவருக்கு வேண்டிய கொம்புக்காக, ஊருக்குப் பொதுவான காட்டு மான்கள் ஆபத்துக்கு உள்ளாகின்றன. மொன்டானா மாநில மக்கள் 2000ஆம் ஆண்டில் வாக்களித்து, பண்ணை விலங்கைக் கட்டணம் பெற்றுச் சுடவிடுவதைத் தடுத்ததற்கு நோயச்சமும் ஒரு காரணமாகும்.

தென்னாப்பிரிக்காவில் மானுக்கு மாறாகச் சிங்கத்தையே இவ்வாறு வளர்த்துச் சுடவிட்டனர். குட்டிப் பருவத்தில் சுற்றுலாப் பயணிகள் கையில் ஏந்திக் கொஞ்சிய சிங்கமே, வளர்ந்தபின் துப்பாக்கி முன் விடப்பட்டது. அவற்றின் தலைகளும் தோல்களும் தன் நாட்டுள் வருவதற்கு 2016இல் அமெரிக்கா தடை விதித்தது. 2021இல் தென்னாப்பிரிக்க அரசு, இத்தொழிலை முடிவுக்குக் கொண்டுவரும் பரிந்துரையை ஏற்றதாக அறிவித்தது.

மலேசிய மண்ணில்

மலேசியத் தீபகற்பத்தின் காடுகளில் சம்பார் மானும், கீஜாங் எனப்படும் குரைக்கும் மானும் புலிக்கு உரிய இரை. வேட்டையால் அவை அருகியதைக் கண்டு 2009இல் அவற்றின் வேட்டை நிறுத்திவைக்கப்பட்டது. அத்தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பு, காட்டிலுள்ள மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று காட்டியது. மான் குறைந்தால் புலியும் குறையும். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டம், காட்டுயிர்க்குக் கொடுமை இழைப்பதையும் குற்றமாக்கியது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமோ, விலங்கை உடைமையாகக் கொண்டவர் அதன் தேவைகளைக் கவனிக்கும் கடமை உடையவர் என்கிறது. முன்னது காட்டு விலங்கை நோக்கியது; பின்னது வளர்ப்போரின் பொறுப்பை நோக்கியது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, வேலி வேட்டையின் குற்றம் தெளிவாகும். காட்டில் வாழும் மானுக்குப் பசி உண்டு, புலி உண்டு, வேடன் உண்டு. அவற்றுக்கு ஈடாக ஓடும் கால்களும் மறையும் புதரும் உண்டு. வீட்டில் வளரும் விலங்குக்கு ஓடும் உரிமை இல்லை. அதற்கு ஈடாக வளர்ப்பவரின் காப்பு உண்டு. கொம்புப் பண்ணையின் மானுக்குக் காட்டின் வாய்ப்பும் இல்லை; வீட்டின் காப்பும் இல்லை. அது உணவு தருபவரை நம்பப் பழகியது. அந்த நம்பிக்கையே அதனைத் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் நிறுத்துகிறது. கொன்றது மட்டும் இங்கே குற்றமன்று. வளர்த்தவர் தம்மை நம்பிய உயிரை விற்றதும், வாங்கியவர் அதற்கு வீரம் என்று பெயரிட்டதும் அதனோடு சேர்ந்த குற்றங்களாகும்.

கோலாலம்பூர் ஏரிப் பூங்காவில் மான்களுக்கென ஓர் இடம் அமைக்கப்பட்டது. பிரிக்பீல்ட்சிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று மான் காட்டியுள்ளனர். வேலிக்கு அப்பாலுள்ள மான் அஞ்சாமல் அருகே வருவதைக் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்திருப்பர். அதே மானை அதே வேலிக்குள் ஒருவர் சுடுவதாக நினைத்துப் பார்க்கச் சொன்னால், ஏழு வயதுப் பிள்ளையும் அது தகாது என்று சொல்லும். ஏன் தகாது என்று விளக்க அதற்குச் சொல் கிடைக்காமல் போகலாம். அச்சொல்லைத் தேடித் தருவது ஆசிரியர் பணி.

வகுப்பில் கண்ணப்பர் வரலாறு வரும்போது, வேடர் தொடராமல் விட்ட கன்றையும் குருளையையும் பிணையையும் பாடத்தினின்று விட்டுவிடலாகாது. படைச்செருக்குக் குறள் வரும்போது, முயலுக்கும் யானைக்கும் உள்ள வேற்றுமையோடு, பட்டியில் அடைத்த மானையும் மாணவர் முன் வைத்து, இதனை அந்த அளவுகோலில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்கலாம். இன்று படிக்கும் பிள்ளைகளுள் சிலர் நாளை செல்வராவர். பணத்துக்குக் கொம்பு விற்கும் நாடுகளுக்கும் செல்வர். அவர்கள் அங்கே வேலியைக் கண்டதும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாராயின், பள்ளியில் படித்த அப்பாடம் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.